நாற்காலியை மட்டும் வாங்கி வந்தவர்களுக்கு

தமிழ்த் தொலைக்காட்சிகளில் பாட்டுப் போட்டி தயாரிப்பவர்களுக்கும், அதை இயக்குபவர்களுக்கும், நடுவர் நாற்காலியில் அமரும் பாடகர்களுக்கும் வணக்கம்.

பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து எழுதுகிறேன். மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசிப்பது என் பிழைப்பு. ஆடி மாதம் முழுக்க அம்மன் கோவில் கச்சேரி, மற்ற மாதங்களில் கல்யாண வரவேற்பு, காதுகுத்து, எப்போதாவது ஒரு கட்சி மேடை. மிச்ச நேரத்தில் ஏரியாப் பிள்ளைகளுக்கு மொட்டை மாடியில் பாட்டு சொல்லிக்கொடுப்பேன். உங்கள் ஆடிஷன் விளம்பரம் டிவியில் ஓட ஆரம்பித்துவிட்டால் அந்த மாடியில் கால் வைக்க இடம் இருக்காது. மீன் விற்கும் அம்மா, துறைமுகத்தில் லோடு ஏற்றும் அப்பா, ஆட்டோ ஓட்டும் மாமா என்று ஆளாளுக்கு ஒரு பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து, "சார், இவளை எப்படியாவது உள்ளே அனுப்பிடுங்க" என்பார்கள். ஆக, உங்கள் கடைக்குச் சரக்கு அனுப்புகிறவர்களில் நானும் ஒருவன். அந்த உரிமையில் பேசுகிறேன்.

முதலில் இங்கிலாந்து டிவி பாட்டுப் போட்டி நடுவர் சைமன் கோவெல் பற்றிப் பேச வேண்டும். உங்களில் பலருக்கு அவர்தான் குலதெய்வம். முகத்துக்கு நேரே "நல்லா இல்லை" என்று சொல்லும் ஒரு நடுவர், அதைக் கேட்டு உடைந்துபோகும் பிள்ளையின் முகம், பின்னாலேயே அம்மாவின் முகம். இந்த வரிசையை உலகம் முழுக்கப் பரப்பிய ஆட்களில் முதல் ஆள் அவர். ஆனால் அந்த நாற்காலிக்கு வருவதற்கு முன்னால் அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்பதை நீங்கள் பார்த்த மாதிரித் தெரியவில்லை.

1959-இல் லண்டனில் பிறந்தவர். 16 வயது வாக்கில் படிப்பை விட்டவர். அப்பா ஈ.எம்.ஐ. இசைத்தட்டுக் கம்பெனியில் அதிகாரி. (நாய் படம் போட்ட எச்.எம்.வி. ரெக்கார்டு நம் தாத்தா வீடுகளில் இருந்ததே, அதற்கும் அந்தக் கம்பெனிதான் முதலாளி.) அப்பா தயவில் மகனுக்கு அங்கே தபால் அறையில் வேலை கிடைத்தது. கடிதக் கட்டுகளைத் தள்ளுவண்டியில் வைத்து மாடி மாடியாகக் கொடுக்கிற வேலைதான். சிபாரிசில் உள்ளே போன பிள்ளை என்று சொல்லிவிட்டுப் போகலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் அடுத்து நடந்ததற்கு எந்தச் சிபாரிசும் உதவவில்லை. சொந்தமாக ஆரம்பித்த முதல் முயற்சி நிற்கவில்லை. பிறகு ஒரு சிறு கம்பெனியில் பங்காளியாகச் சேர்ந்து, 1986-இல் சினிட்டா என்ற பாடகியை வைத்து முதல் ஹிட் கொடுத்தார். 1989-இல் அந்தக் கம்பெனி கவிழ்ந்தது. கையில் இருந்ததெல்லாம் போய், 30 வயதில் அப்பா அம்மா வீட்டுக்கே பெட்டியோடு திரும்பினார்.

அப்புறம் பி.எம்.ஜி. கம்பெனியில் பாடகர்களைத் தேடிப் பிடிக்கும் வேலை. எனக்கு அவர் கதையிலேயே சுவையான இடம் இதுதான். மல்யுத்த வீரர்களைப் பாட வைத்தார். பவர் ரேஞ்சர்ஸ் பெயரில் பாட்டு வெளியிட்டார். 1997-இல் குழந்தைகள் பார்க்கும் டெலிடபீஸ் பொம்மைகளைக்கூட விடவில்லை. ஒரு டிவி தொடரில் நடித்த ராப்சன், ஜெரோம் என்ற இரண்டு நடிகர்கள் கதைக்காக ஒரு பழைய பாட்டைப் பாடினார்கள். அது ஒளிபரப்பானதும் அந்தப் பாட்டு எங்கே கிடைக்கும் என்று ஜனங்கள் கடைகளில் கேட்க ஆரம்பித்தார்கள். இவர் அந்த இரண்டு பேரையும் விடாமல் துரத்திக் கையெழுத்து வாங்கினார். 1995-இல் இங்கிலாந்தில் அதிகம் விற்ற இசைத்தட்டு அதுதான். 18 லட்சம் பிரதிகளுக்கு மேல்! இசை தெரிந்தவர்கள் முகம் சுளித்தார்கள். சுளிக்கட்டும். டிவி பாட்டை விற்கும் என்பதை, தான் டிவியில் நடுவராக உட்காருவதற்கு ஆறு வருஷம் முன்பே அந்த ஆள் கண்டுகொண்டார்.

2001-இல் 'பாப் ஐடல்' ஆரம்பித்தபோது அவர் நடுவராக உட்கார்ந்தது இந்தக் கணக்கோடுதான். அந்த நிகழ்ச்சி சைமன் ஃபுல்லர் உருவாக்கியது. இதன் வழியில்தான் 2002-இல் அமெரிக்காவிலும், 2004-இல் நம் நாட்டில் இந்தியிலும் 'ஐடல்' வந்தது. முதல் சீசனில் வில் யங் என்ற பையன் பாடியதைக் கேட்டுவிட்டு 'ரொம்பச் சுமார்' என்றார் கோவெல். பையன் மரியாதையாக, ஆனால் திருப்பிப் பதில் சொன்னான். 2002 பிப்ரவரியில் ஜெயித்தது அந்தப் பையன். அவனுடைய முதல் பாட்டு முதல் வாரத்திலேயே 11 லட்சம் பிரதிகள் விற்றது. வெளியிட்டது யார்? கோவெல் வேலை பார்த்த அதே பி.எம்.ஜி. குழுமம். சுமார் என்று தானே சொன்ன பையனின் பாட்டைப் பதிவு செய்து, அட்டை அச்சடித்து, கடைக்கு அனுப்பி, விற்க வேண்டிய பொறுப்பு அவர் பக்கமே வந்து விழுந்தது. தோற்றால் நஷ்டம் அவர்கள் வீட்டுக்கு.

நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். அவர் "வேண்டாம்" என்று சொன்னால், என் கம்பெனிக் காசை உன்மேல் போட மாட்டேன் என்று ஒரு வியாபாரி சொல்கிறான். "வா" என்று சொன்னால் மறுநாள் ஒப்பந்தக் காகிதம் வரும். 2009-இல் அவர் நடுவராக இருந்த 'பிரிட்டன்ஸ் காட் டேலண்ட்' மேடையில் ஸ்காட்லாந்திலிருந்து 47 வயது சூசன் பாய்ல் வந்து நின்றபோது அரங்கமே நக்கலாகச் சிரித்தது. இறுதிப் போட்டியில் அவருக்குக் கிடைத்தது இரண்டாம் இடம்தான். அதே வருஷம் நவம்பரில் கோவெலின் சைக்கோ (Syco) இசைத்தட்டுக் கம்பெனி அவருடைய ஆல்பத்தை வெளியிட, இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் முதல் இடம் பிடித்தது. அடுத்த வருஷம் அவருடைய இன்னொரு போட்டியான 'எக்ஸ் ஃபேக்டர்' மேடையில் ஐந்து பையன்களைச் சேர்த்துக் குழுவாக்கினார்கள். ஒன் டைரக்‌ஷன். மூன்றாம் இடம். அவர்களையும் எடுத்துக்கொண்டார். மேடையில் யார் ஜெயித்தார் என்பது அவருக்குப் பாதிக் கணக்குதான்.

நீங்கள் அங்கிருந்து வாங்கி வந்தது நாற்காலியை மட்டும். பின்னால் இருந்த கல்லாப்பெட்டியை விட்டுவிட்டீர்கள்.

நம் நடுவர்கள் யார்? பெரும்பாலும் பின்னணிப் பாடகர்கள். நல்லவர்கள், ஞானம் உள்ளவர்கள். அவர்களில் சிலர் பாடுவதைக் கேட்டு வளர்ந்தவன் நான். ஆனால் அவர்களே ஏதாவது ஓர் இசையமைப்பாளரின் போனுக்குக் காத்திருப்பவர்கள். அவர்கள் ஒரு பிள்ளையைத் தூக்கி வைத்துக் கொண்டாடினால், தலைமேல் ஜிகினாத்தாள் கொட்டும், எல்லோரும் எழுந்து நின்று கைதட்டுவார்கள், அப்புறம் ஒன்றும் நடக்காது. சிறப்பு விருந்தினராக வரும் இசையமைப்பாளர் "என் அடுத்த படத்தில் நீதான் பாடறே" என்று அறிவிப்பார். வயலின் ஓடும். அந்த வயலினுக்கு நாங்கள் மொத்தக் குடும்பமும் அழுதிருக்கிறோம். அடுத்த மாதம் அந்தப் பிள்ளை என் மாடியில் உட்கார்ந்து, "சார், அவர் மேனேஜர் போனே எடுக்க மாட்டேங்கிறார்" என்கிறது.

எல்லோருக்கும் இப்படித்தான் ஆனது என்று சொன்னால் அது பொய். 2018-இல் நாட்டுப்புறப் பாட்டோடு ஜெயித்த செந்தில் கணேஷும், கூடப் போட்டியிட்ட ராஜலட்சுமியும் சினிமாவில் பாடினார்கள், அதில் ஒரு பாட்டு ஊரையே கலக்கியது. வேறு சிலரும் பிழைத்துக்கொண்டார்கள். ஆனால் அவர்கள் ஏற்கெனவே மேடை கண்டவர்கள், தங்களுக்கென்று பாட்டு வைத்திருந்தவர்கள். முதல் தடவை மைக் பிடிக்கிற கொருக்குப்பேட்டைப் பெண்ணுக்கு நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதுதான் என் கேள்வி.

என்ன செய்தீர்கள் என்பதில் ஒன்றை நான் கண்ணால் பார்த்தேன். எந்தச் சேனல் என்று சொல்லப்போவதில்லை, அது முக்கியமும் இல்லை. என்னிடம் பழகிய காசிமேட்டுப் பையன் ஒருவன் சில சுற்று தாண்டினான். உடனே அவன் வீட்டில் ஏ.வி. (பாடுவதற்கு முன் போட்டியாளரின் வீட்டுக் கதையைக் காட்டும் குட்டிப் படம்) எடுக்க ஒரு குழு வந்தது. அவன் அப்பா விசைப்படகில் போகிறவர். தவணையில் வாங்கிய இரட்டைக் கதவு ஃபிரிட்ஜ் ஒன்று கூடத்தில் நிற்கும், அந்த வீட்டின் பெருமையே அதுதான். அவன் அம்மா அன்று காலை அதைத் துடைத்து, மேலே பூ போட்ட துணி விரித்து வைத்திருந்தார். வந்த பையன் ஒருவன் கேமரா வழியாகப் பார்த்துவிட்டு, "அக்கா, இது ஃபிரேம்ல வேண்டாம்" என்றான். நகர்த்த இடம் இல்லை. கடைசியில் ஒரு பழைய போர்வையை எடுத்து மேலே மூடினார்கள். அதன் முன்னால் வலையைப் போட்டார்கள். வலை வீட்டில் இருப்பதே இல்லை, படகில்தான் இருக்கும். அதற்காக ஓர் ஆளை அனுப்பி எடுத்து வரச் சொன்னார்கள். அப்பாவை நல்ல சட்டையைக் கழற்றச் சொன்னார்கள். "சாப்பாட்டுக்கு இல்லாத நாள் ஏதாவது இருந்தா சொல்லுங்கண்ணா" என்றார்கள். அவர் யோசித்துப் பார்த்து, "மீன்பிடித் தடைக்காலத்துல கொஞ்சம் டைட்டா இருக்கும்" என்றார். அது போதவில்லை. திரும்பத் திரும்பக் கேட்டு, செத்துப்போன அவர் அம்மாவைப் பற்றிப் பேச வைத்து, கண்ணில் தண்ணீர் வந்ததும் 'ஓகே' சொல்லிவிட்டுக் கிளம்பினார்கள்.

அந்த ஏ.வி. ஓடியபோது அவன் அம்மா டிவி முன்னால் தலையைத் தூக்கவில்லை. பையன் அதற்கடுத்த வாரமே வெளியேற்றப்பட்டான். பாட்டு சரியில்லை என்றார்கள். உண்மைதான், சரியில்லை. அவனுக்குப் பழக்கமில்லாத கானாவை இரண்டு நாளில் பழகச் சொன்னால் எப்படிச் சரியாக வரும்?

ஆமாம், கானா. அவன் பாட விரும்பியது ஒரு மெலடி. அதையே நாங்கள் மாதக்கணக்கில் பழகியிருந்தோம். "உங்க ஏரியா ஸ்டைல்ல ஒண்ணு பண்ணுங்க, அப்பதான் எடுபடும்" என்று சொல்லி, கைலியும் கழுத்தில் கர்ச்சீப்பும் கட்டி மேடைக்கு அனுப்பினார்கள். வடசென்னை என்றால் உங்களுக்குக் கைலி, கர்ச்சீப், குத்து.

கானாவை மட்டமாகச் சொல்கிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். சாவு வீட்டில் ராத்திரி முழுக்க உட்கார்ந்து, செத்தவரின் பெயரையும் பிள்ளைகளின் பெயரையும் கோத்து அங்கேயே வரி கட்டிப் பாடுகிறவனின் திறமைக்கு நான் வாசிக்கிற கீபோர்டு பக்கத்தில்கூட வராது. 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' இசைக்குழு முதல் மேடை ஏறியபோது கானா எந்த உயரத்துக்குப் போகும் என்று ஊர் பார்த்தது. அதில் பாடிய இசைவாணியை 2020-இல் பி.பி.சி. உலகின் 100 பெண்கள் பட்டியலில் சேர்த்தது. அவர் கானாவைத் தானே தேர்ந்தெடுத்து, ஆண்கள் மட்டும் பாடிய மேடையில் இடம் பிடித்தவர். அது வேறு. கானா பழகாத பையனுக்கு ஏரியா பார்த்து அதை மாட்டிவிடுவது வேறு.

ஏரியா ஸ்டைல் என்று கேட்டீர்களே, சொல்கிறேன். தியாகராஜர் திருவொற்றியூருக்கு வந்து வடிவுடையம்மன் மேல் ஐந்து கீர்த்தனை பாடினார், திருவொற்றியூர் பஞ்சரத்தினம் என்று இன்றைக்கும் கச்சேரிகளில் பாடுகிறார்கள். முத்துசுவாமி தீட்சிதரின் குடும்பம் மணலி முதலியார் ஆதரவில் மணலியில் இருந்தது. இன்று எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை நிற்கும் அதே மணலிதான். வள்ளலார் ஏழுகிணறு வீராசாமித் தெருவில் வளர்ந்து, கந்தகோட்டத்து முருகன்மேல் பாடினார். ராயபுரம் தேவாலயங்களில் நாலு குரலில் பிரித்துப் பாடும் பிள்ளைகள் இருக்கிறார்கள். பெரம்பூர் ரயில்வே குடியிருப்புகளில் ஆங்கிலோ இந்தியர்கள் கிட்டார் வாசித்த காலத்து ஆட்களிடம் பாடம் கேட்டவன்தான் என் குருநாதர். இதில் எந்த ஸ்டைல் வேண்டும், சொல்லுங்கள்.

இன்னொன்று. 2024-இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பை கேரம் போட்டியில் எங்கள் பக்கத்துப் பெண் காசிமா மூன்று தங்கம் வாங்கி வந்தார். அப்பா ஆட்டோ ஓட்டுகிறவர். கேரம் பலகையில் அதை யாரும் கேட்கவில்லை. காயின் பைக்குள் விழுந்ததா இல்லையா, அவ்வளவுதான். வீட்டுக் கதையெல்லாம் ஜெயித்த பிறகு பத்திரிகைகள் கேட்டன, அவர்களும் சொன்னார்கள். எனக்கு அந்த வரிசை பிடித்திருக்கிறது.

கோவெலைத் தலையில் தூக்கி வைத்து ஆடுகிறேன் என்று நினைத்துவிட வேண்டாம். அழ வைக்கிற ஏ.வி., ஏளனத்துக்காகவே மேடையேற்றப்படும் அப்பாவி, இதெல்லாம் அவர் கடையிலும் ஏராளம். சூசன் பாய்ல் இறுதிப் போட்டி முடிந்த கையோடு மனச்சோர்வில் மருத்துவமனைக்குப் போக வேண்டி வந்தது. ஒன் டைரக்‌ஷனில் இருந்த லியாம் பெய்ன் முதலில் வந்தது 14 வயதில். இரண்டு வருஷம் கழித்து வா என்று அனுப்பினார்கள், வந்தான், உலகப் புகழ் அடைந்தான், 2024 அக்டோபரில் 31 வயதில் போய்ச் சேர்ந்தான். குடிப்பழக்கத்தோடு போராடியதைத் தானே வெளிப்படையாகப் பேசியவன். அவன் சாவுக்கு இவர்தான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன், அப்படிச் சொல்வது அநியாயம். ஆனால் சின்ன வயதில் ஒரு பிள்ளையை அந்த வெளிச்சத்தில் நிறுத்தினால் பக்கத்தில் யாராவது நிற்க வேண்டும் என்ற பேச்சு அந்த ஊரில் அதற்கு முன்பே சூடாகிவிட்டது. வேறொரு நிகழ்ச்சியில் கலந்துகொண்டவர் 2019-இல் இறந்தபோது அந்த நிகழ்ச்சியையே இழுத்து மூடினார்கள். ஒளிபரப்பைக் கண்காணிக்கும் ஆஃப்காம், கலந்துகொள்பவர்களின் நலனைச் சேனல் கவனித்தே தீர வேண்டும் என்று 2021 ஏப்ரலில் புதிய விதி கொண்டுவந்தது. அதே வருஷம் 'எக்ஸ் ஃபேக்டர்' இனி இல்லை என்றும் ஆகிவிட்டது. கோவெல் இப்போது பழைய கோவெல் இல்லை. 2014-இல் மகன் பிறந்த பிறகு நாக்கு கொஞ்சம் மழுங்கிவிட்டது என்கிறார்கள். 2025 டிசம்பரில் நெட்ஃபிளிக்ஸில் மறுபடியும் ஒரு பையன்கள் குழுவைத் தேடிக்கொண்டு வந்தார். வியாபாரி கடையை மூட மாட்டார்.

நம் ஊரிலும் விதி இருக்கிறது. குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின்படி 2017-இல் திருத்திய விதிகளைப் பாருங்கள். 14 வயதுக்குள் இருக்கும் கலைஞரை ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, ஓய்வில்லாமல் மூன்று மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, மாவட்ட நிர்வாகத்திடம் அனுமதி வாங்க வேண்டும், வருமானத்தில் குறைந்தது 20 சதவீதத்தைப் பிள்ளை பெயரில் வங்கியில் நிரந்தர வைப்பாகப் போட வேண்டும். பூந்தமல்லி பக்கத்து செட்டுக்கு விடியற்காலை காசிமேட்டிலிருந்து கிளம்பி, மார்பில் எண் ஸ்டிக்கரோடு மதியச் சாப்பாடு வரைக்கும் காத்திருந்து, நடுராத்திரி கடைசி டேக் முடித்துத் தூக்கக் கலக்கத்தில் திரும்பிய பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். அந்த ஐந்து மணி நேரத்தை எந்தக் கடிகாரத்தில் பார்த்தீர்கள் என்று தெரிந்தால் நானும் ஒன்று வாங்கிக்கொள்வேன்.

சரி, என்னதான் வேண்டும் உனக்கு என்று கேட்பீர்கள்.

கார், வீடு, தங்கக் காசு எதுவும் பெரிதாக வேண்டாம். இறுதிச் சுற்றுக்கு வரும் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு சொந்தப் பாட்டு போடுங்கள். புதிதாக எழுதி, புதிதாக மெட்டுப் போட்டு, நல்ல ஸ்டுடியோவில் பதிந்து, அந்தப் பிள்ளை பெயரிலேயே வெளியிடுங்கள். யூடியூபிலும் ஸ்பாட்டிஃபையிலும் வருகிற பணத்தில் அதற்கு எவ்வளவு என்பதை முதல் நாளே எழுதிக் கொடுங்கள். இப்போது நீங்கள் பாட வைப்பதெல்லாம் சினிமாப் பாட்டு. அந்தக் காணொளியை லட்சக்கணக்கானோர் பார்த்தாலும் காசு உங்களுக்கும் பாட்டின் உரிமை வைத்திருக்கும் கம்பெனிக்கும் போகிறது, பிள்ளைக்குப் போவது நாலு லைக். ஒரு எபிசோடுக்குச் செட்டில் எரிகிற விளக்குக்கு ஆகும் செலவை வைத்தே சில பாட்டு போட்டுவிடலாம் என்று, மேடை விளக்குக்கு வாடகை கட்டிப் பழகியவன் என்ற முறையில் சொல்கிறேன். சொந்தப் பாட்டு ஒன்று கையில் இருந்தால் எங்களைப் போன்ற குழுக்களே அந்தப் பிள்ளையைக் கச்சேரிக்குக் கூப்பிடும், போஸ்டரில் பெயர் போடும்.

நடுவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. நீங்கள் அதட்டுவது எங்களுக்குப் பிரச்சினையே இல்லை. என் மாடியில் நான் அதட்டாததையா நீங்கள் அதட்டிவிடப் போகிறீர்கள்? சுருதி விலகினால் விலகியது என்றே சொல்லுங்கள். ஆனால் "உனக்குப் பெரிய எதிர்காலம் இருக்கு" என்று சொல்லும் முன்னால், அந்த எதிர்காலத்தில் உங்கள் பங்கு என்ன என்று ஒரு நிமிஷம் யோசியுங்கள். அடுத்த கச்சேரியில் ஒரு பாட்டாவது பாடக் கூட்டிப் போவீர்களா? அப்படியென்றால் தாராளமாகச் சொல்லுங்கள்.

ஏ.வி. எடுக்க வரும்போது வீட்டை வீடாக எடுங்கள். ஃபிரிட்ஜ் இருந்தால் ஃபிரிட்ஜ் இருக்கட்டும்.

கடைசியாக அந்த ஒப்பந்தம். ஆடிஷன் அன்றைக்கு வரிசையில் நிற்க வைத்து, பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் இருக்கிற பத்துப் பதினைந்து பக்கத்தை நீட்டி, "இங்க ஒண்ணு, இங்க ஒண்ணு" என்று கையெழுத்து வாங்குகிறீர்களே, அதைத் தமிழில் அடித்து ஒரு வாரம் முன்னால் வீட்டுக்கு அனுப்புங்கள். எங்கள் தெருவில் வக்கீலுக்குப் படித்த பெண்ணே இரண்டு பேர் இருக்கிறார்கள், அவர்களிடம் காட்டிவிட்டுக் கையெழுத்துப் போடுகிறோம். அடுத்த சீசன் ஆடிஷனுக்குப் பிள்ளைகள் இப்போதே பழக ஆரம்பித்துவிட்டார்கள். அவர்கள் வரிசையில் வந்து நிற்பதற்குள் அந்தக் காகிதம் வந்து சேர்ந்தால் நல்லது.

இப்படிக்கு,
பழைய வண்ணாரப்பேட்டை கீபோர்டுக்காரன்